என் சர்வருக்கு வெளியே நானே நின்ற கதை

ஈரோட்டில் மாமா நடத்தும் புடவைக் கடையின் வலைத்தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது, தீபாவளிக்கு ஒரு சட்டை. மூன்று வருடம் ஷேர்டு ஹோஸ்டிங்கில், அதாவது பலருடைய தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் ஓட்டினோம். விளம்பரத்தில் 'அன்லிமிடெட்' என்றிருந்தாலும் கோப்புகளின் எண்ணிக்கைக்குத் தனி வரம்பு உண்டு என்பது, புதுப் புடவைப் படங்கள் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தபோதுதான் தெரிந்தது; ஒரு படத்தை ஏற்றினால், தளத்தை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸ் அதை வெவ்வேறு அளவுகளில் நாலைந்து கோப்பாக்கி வைத்துவிடும்.

சரி, நமக்கென்று தனியாக ஒதுக்கி, நாமே பராமரிக்கும் மெய்நிகர் சர்வரான வி.பி.எஸ்ஸுக்கே போவோம் என்று முடிவு செய்தேன். அமெரிக்க சர்வருக்கு பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சோதனை) போட்டால் 200 மில்லிசெகண்டுக்கு மேல், பெங்களூருவுக்கு 20க்கும் கீழே. வாங்குபவர்கள் எல்லாம் இங்கேதான், அதனால் பெங்களூரு. 1 ஜிபி ரேம், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு 22.04.

முதல் நாளே சர்வரின் நுழைவுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், எங்கெங்கிருந்தோ பாட்கள் எனும் தானியங்கி நிரல்கள், தலைமைக் கணக்கான 'ரூட்' என்ற பெயரில் நிமிடத்துக்குப் பல தடவை கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. பாஸ்வேர்டு நுழைவை மூடிவிட்டு தொலைவிலிருந்து நுழையும் எஸ்.எஸ்.எச். வழிக்கு கீ (சாவிக் கோப்பு) மட்டும் வைத்தேன். அந்த வேகத்திலேயே, எந்த இணைப்பை உள்ளே விடலாம் என்று காவல் காக்கும் ஃபயர்வாலையும் போட்டேன். 'இணைப்பு அறுந்து போகலாம், தொடரலாமா' என்று அது கேட்கத்தான் செய்தது, நான் பார்க்காமல் 'ஒய்' அழுத்திவிட்டேன். திறந்திருந்த இணைப்பு அறுபடாததால் எல்லாம் சரி என்று தூங்கப்போய்விட்டேன். மறுநாள் உள்ளே போக முடியவில்லை, எஸ்.எஸ்.எச். நுழையும் வாசலான 22ஆம் போர்ட்டை அனுமதிக்க மறந்திருக்கிறேன்! நிறுவனத்தின் பேனலில் உலாவி வழியே சர்வரின் திரையையே நேராகத் திறக்கும் கன்சோல் ஒன்று இருந்தது, அதுதான் காப்பாற்றியது. அதிலும் ரூட் பாஸ்வேர்டை மாற்றி வைத்த பிறகே நுழைய முடிந்தது. இனி எங்கே சர்வர் எடுத்தாலும் அந்தக் கன்சோல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன், விலை அப்புறம்.

அடுத்த வாரம் தளம் 'தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை' என்றது. ரேம் தீர்ந்ததும் லினக்ஸே தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லைக் கொன்றுபோட்டிருக்கிறது. ரேம் போதாதபோது டிஸ்க்கில் இடம் தரும் ஸ்வாப் கோப்பை 2 ஜிபிக்கு உண்டாக்கி, வேர்ட்பிரஸை ஓட்டும் பிஎச்பி ப்ராசஸ்களின் எண்ணிக்கையைக் குறைத்தேன். அதற்குப் பிறகு தளம் படுக்கவில்லை.

பேக்கப்பை இரவு 2 மணிக்கு ஓடும்படி, குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் க்ரானில் போட்டிருந்தேன். ஆனால் தினமும் காலை ஏழரைக்குத் தளம் திணறியது. சர்வர் கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் இருந்தது, அதன் 2 மணி நமக்குக் காலை 7.30. இதைப் பிடிக்க எனக்குப் பத்து நாள் ஆனது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சந்தேகத்தில் பேக்கப்பையே சோதித்துப் பார்க்கலாம் என்று மணிக்கணக்கு வாடகையில் இன்னொரு சர்வர் எடுத்து மீட்டெடுத்தேன். விலை, விவரம் எல்லாம் வந்தது, படம் ஒன்றுகூட இல்லை. நான் எழுதிய ஸ்கிரிப்ட் தரவுத்தளத்தை மட்டும் எடுத்து, அதையும் அதே டிஸ்க்கில் வைத்திருந்தது. படங்களையும் சேர்த்து வேறு நகரத்தில் உள்ள ஸ்டோரேஜுக்கு அனுப்பும்படி மாற்றி, மறுபடி மீட்டெடுத்தபோதுதான் கடை முழுசாக வந்தது.

சோதனை சர்வரை ஆஃப் செய்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். நிறுத்தி வைத்தாலும் வாடகை ஓடும், அழித்தால்தான் நிற்கும். மாதக் கடைசியில் அதற்கும் சேர்த்து பில் வந்தது, மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.