சீனியருக்காக எழுதிய 800 வார்த்தைகள்

என் சீனியர் வக்கீலுக்குப் பத்ம விருது கேட்டுப் பரிந்துரை அனுப்ப வேண்டும் என்று 2024 ஜூலையில் முடிவு செய்தேன். அவருக்கு வயது 78. ஒரு தாலுகா ஊரில் 50 வருடத்துக்கு மேல் சிவில் வழக்கு மட்டுமே நடத்தி வருகிறார். பாகப்பிரிவினை, வழித்தடம், கிணற்றில் தண்ணீர் முறை, அடமானம் என்று மனிதர்களை வருடக்கணக்கில் கோர்ட் வாசலில் நிற்க வைக்கும் வழக்குகள்.

பெரிய இடத்து சிபாரிசு இருந்தால்தான் இந்த விருதுக்கெல்லாம் விண்ணப்பிக்க முடியும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தனக்குத் தானேகூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம். எல்லாம் மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் இணையதளத்தில்தான். அந்த ஆண்டு மே 1 முதல் செப்டம்பர் 15 வரை திறந்திருந்தது. சட்டத்துறைக்கென்று தனிப் பிரிவு கிடையாது. பொது விவகாரங்கள் என்ற பிரிவுக்குள் வரும். பதிவு செய்வது, ஓடிபி போடுவது, விவரம் நிரப்புவது எல்லாம் அரை மணி நேர வேலை. கஷ்டம் அதற்கு அப்புறம்தான். அவர் செய்த பணி என்ன என்பதை 800 வார்த்தைக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும்.

ஃபாலி நாரிமன், கே. பராசரன் போன்ற உச்ச நீதிமன்ற வக்கீல்கள் பத்ம விபூஷண் பெற்றார்கள் என்றால், அவர்கள் செய்தது என்ன என்று தீர்ப்புத் தொகுப்புகளே சொல்லும். தாலுகா வக்கீலுக்கு அது இல்லை. முன்சீப் கோர்ட் தீர்ப்பு எந்தத் தொகுப்பிலும் அச்சாவதில்லை. பத்திரிகைச் செய்தியாவது இருக்குமா என்று தேடினேன், அதுவும் இல்லை. இருக்கவும் முடியாது. வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது, நடத்தும் வழக்கு தொடர்பாகத் தன் படத்தைப் பத்திரிகையில் வரச்செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. சார் அந்த விதியை எழுத்துக்கு எழுத்து மதித்தவர். ஒழுங்காகத் தொழில் செய்த ஒரு வக்கீலிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரெண்டு வாரம் எழுதி எழுதி அழித்தேன். “ஏழைகளுக்காக உழைத்தவர்” என்று எழுதினால் யாருக்கும் பொருந்தும் வரியாக இருந்தது.

சாரிடம் சொன்னபோது மறுக்கவில்லை, மகிழவும் இல்லை. “ஏம்மா, பீஸ் வாங்காம நடத்தின கேஸைவிட வாங்கி நடத்தினதுதான் அதிகம். அதையும் சேர்த்து எழுது” என்றார். சேர்த்தேன்.

வழி காட்டியவர் குமாஸ்தா அண்ணன். “சாரோட அவார்டு ஏதாவது இருந்தா எடுத்து வைங்கண்ணே” என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். திரும்பி வந்தபோது மேஜை கொள்ளாமல் வழக்குக் கட்டுகள். நான் கேட்டது விருது. அவர் எடுத்து வைத்தது லோக் அதாலத் அவார்டு நகல்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடியும் வழக்குக்குக் கிடைக்கும் உத்தரவுக்கும் எங்கள் தொழிலில் அவார்டு என்றுதான் பெயர். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி அது சிவில் கோர்ட் தரும் டிக்ரிக்கு, அதாவது தீர்ப்பாணைக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். 2003-ல் முடிந்த ஒரு வழக்கின் கட்டுக்குள் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறிப் போயிருந்தது, முதுகில் கோர்ட் முத்திரை. பூர்வீகச் சொத்தில் தங்கைக்குப் பங்கு இல்லை என்று ரெண்டு அண்ணன்கள் வாதாடிய வழக்கு அது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை உண்டு. ஆனால் 2005-ல் மத்திய சட்டம் மாறும் வரை, அந்தத் தேதிக்கு முன்பே திருமணமான பெண்களுக்கு அந்த உரிமை கிடையாது. தங்கை கல்யாணம் 1988-லேயே முடிந்துவிட்டது என்பது அண்ணன்கள் தரப்பு. பத்திரிகையில் தேதி 1990. அந்த ஒரு தாளை வைத்தே வழக்கை ஜெயித்திருக்கலாம். சார் அண்ணன்களை வரவழைத்து, பத்திரிகையை அவர்கள் முன்னால் வைத்து, சமரசம் பேசியிருக்கிறார்.

டிக்ரி வாங்குவது பாதி வேலைதான் என்பது சிவில் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனாவோடு போய் நிலத்தைக் கைக்கு வாங்குவதற்குள் இன்னொரு பத்து வருடம் ஓடிவிடும். சாரின் சமரசங்களை அடுத்தடுத்துப் படித்தபோது அவர் கைவரிசை புரிந்தது. சர்வே எண், நாலெல்லை, வாரத்தில் எந்த ரெண்டு நாள் தங்கைக்குத் தண்ணீர், கரண்ட் பில்லில் யாருக்கு எவ்வளவு, வழித்தடம் எந்த வரப்போரம் போகிறது, பிறகு சண்டைக்கு இடமில்லாதபடி எல்லாம் எழுதியிருந்தது. அந்த மேஜையில் இருந்த 61 அவார்டுகளில் நிறைவேற்று மனு வரைக்கும் போனவை மூன்றுதான். குமாஸ்தா அண்ணனின் பதிவேட்டோடு ஒத்துப்பார்த்து எண்ணினேன்.

அன்று இரவே 800 வார்த்தையை எழுதி முடித்துவிட்டேன். வழக்கோடு வரும் கட்சிக்காரர் சொன்ன ரகசியம் வக்கீலோடு போக வேண்டும் என்பதால் பெயர், ஊர் எதையும் போடவில்லை. செப்டம்பர் 9 அன்று அனுப்பினேன்.

2025 ஜனவரி 25 சனிக்கிழமை மாலை பட்டியல் வந்தது, 139 பேர். முன்னாள் தலைமை நீதிபதி கேஹருக்குப் பத்ம விபூஷண். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ என்றதும் ஆபீஸில் எல்லோருக்கும் சந்தோஷம். சார் பெயர் இல்லை. எனக்கு அழுகை வந்தது. திங்கட்கிழமை அவர் வழக்கம்போல ஒன்பதரைக்கு வந்து அன்றைய வாய்தா கட்டுகளைக் கேட்டார்.

மார்ச் 15 அன்று இணையதளம் மறுபடியும் திறந்தது. இந்த முறை, அவருடைய வயதையும் அனுபவத்தையும் சொல்லும் முதல் பத்தியை எடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஆரம்பித்தேன். அனுப்பும் முன் ஒரு பிரதியை சாரிடம் கொடுத்தேன். முதல் முறை அவர் படிக்கவே இல்லை. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். வழித்தடம் 8 அடி என்று நான் எழுதியிருந்த இடத்தில் பேனாவால் அடித்தார்.

“எட்டு அடின்னு முதல்ல எழுதினோம். வைக்கோல் ஏத்தின வண்டி திரும்பாதும்மா. பத்து அடியாக்கித்தான் கையெழுத்து வாங்கினேன்.”

கட்டை எடுத்துப் பார்த்தேன். 10 அடிதான்.