வண்டி வந்த பிறகும்

காஸ்டிக் சோடா என்ற கடும் காரம் கண்ணில் பட்டால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. மனதைப் போட்டு அரிப்பது வேறு. கம்பெனி வேன் வாசலில் வந்து நின்ற பிறகும் அந்தப் பையனைக் குழாயடியை விட்டு நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தேனே, அந்தக் கொஞ்ச நேரம்தான்.

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஒரு மாதம் இருந்தவருக்குக்கூட காஸ்டிக் கரைப்பது எப்படி என்று தெரியும். ட்ரம்மில் தண்ணீர் பிடித்து, செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். அவசரத்தில் செதிலைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீரைத் திறந்தால் கொதித்து முகத்தில் அடிக்கும். அன்று நடந்தது அதுதான். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான். வலது கண்ணில் பட்டது.

நான் அங்கே லேப் பொறுப்பில் இருந்தேன். சுவரில் மாட்டியிருந்த முதலுதவியாளர் பட்டியலில் என் படமும் இருந்தது. அலறல் கேட்டு ஓடினேன். ஆடிட்டுக்காக வைத்த கண் கழுவும் குழாய் ஸ்டோர் பக்கம் இருந்தது. பத்து நொடிக்குள் எட்டுகிற தூரத்தில் அது இருக்க வேண்டும் என்பார்கள். எங்களுடையது அதைவிடத் தள்ளி. மெஷினுக்குப் பக்கத்தில் ஹோஸ் கிடந்தது, அதையே எடுத்தேன். தலையை வலப்பக்கம் சாய்த்து, அடிபட்ட கண் கீழே இருக்கும்படி வைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரை விட்டேன். அப்போதுதான் வழிகிற தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகாது. இமை இரும்புபோல இறுகியிருந்தது. இரண்டு விரலால் பிரித்துப் பிடித்தேன். அவன் துடித்தான். என் கையைத் தட்டிவிட்டான். ஃபிட்டர் ஒருவர் பின்னாலிருந்து அவன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது ஹெல்பர் ஒருவர் மக்கில் எதையோ எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தண்ணீர் கலந்த அசிட்டிக் ஆசிட். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. துணியில் காஸ்டிக் இருந்தால் அசிட்டிக் போட்டு நியூட்ரல் செய்வதுதானே அவர் தினமும் பார்க்கிற வேலை. ஆனால் காரமும் அமிலமும் சேரும் இடத்தில் சூடு பிறக்கும். துணி அதைத் தாங்கும், கண் தாங்காது. நான் கத்திய கத்தலில் மக்கைக் கீழே போட்டுவிட்டார்.

இதுவரை நடந்ததைப் பற்றி எனக்குக் குழப்பம் இல்லை. இதற்கு அடுத்த சில நிமிடங்களைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன்.

மாஸ்டர் வந்து, "வண்டி வந்திருச்சுங்க மேடம், ஏத்திரலாங்களா?" என்றார். நான் கோட்டுப் பையிலிருந்து, காரம் இருந்தால் நீலமாகும் பி.எச். தாளை எடுத்து, அவன் கீழ் இமைக்குள் ஒரு நொடி தொட்டு எடுத்தேன். பச்சையைத் தாண்டி நல்ல நீலம். மாஸ்டரும் பார்த்தார். அந்த நிறத்தைத் தினமும் பார்த்துப் பழகியவர் அவர். ஒன்றும் பேசாமல் டிரைவரை இருக்கச் சொல்லிவிட்டார்.

பையனுடைய மச்சான் காம்பாக்டிங் பக்கம் வேலை செய்பவர். அவருக்கு அப்போதுதான் தகவல் போயிருக்கிறது. ஓடி வந்தவர் வேனைப் பார்த்தார், அடுத்து எங்களைப் பார்த்தார். "வண்டி நிக்குது, கண்ணு போயிட்டிருக்கு, இங்க நின்னு குளிப்பாட்டிட்டிருக்கீங்க!" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழுவியாக வேண்டும் என்றேன். பையனின் கையைப் பிடித்து இழுத்தார். மாஸ்டர் குறுக்கே நின்றார். அப்போதுதான் மச்சான் கேட்டார்: "உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படித்தான் நிக்க வப்பீங்களா?"

"ஆமாங்க. எங்க வீட்டு ஆளா இருந்தாலும் இதேதான்."

யோசிக்காமல் வந்த பதில். சத்தமாகவும் வந்தது. அப்புறம் அவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தாளைத் தொட்டேன். நிறம் இறங்கியிருந்தது, முழுக்க இறங்கவில்லை. அதற்கு மேல் நிறுத்தி வைக்க எனக்கும் துணிவு வரவில்லை. லேபில் இருந்த வாஷ் பாட்டில்களை நிரப்பி எடுத்துக்கொண்டு ஏறினேன். வழியெல்லாம் அவன் கண்ணில் பீய்ச்சிக்கொண்டே போனேன்.

இனி என் பக்கத்து நியாயம். அமிலம் பட்டால் அந்த இடத்துப் புரதம் உறைந்து, ஓரளவுக்கு அதுவே தடுப்பாகிவிடும். காரம் அப்படி இல்லை. கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், இருக்கிறவரை இறங்கிக்கொண்டே இருக்கும். பிளீச்சிங் முடிந்த துணியில் இதை நாங்கள் கண்ணால் பார்க்கிறோம். மேலே தொட்டால் 7 காட்டும், அதாவது காரமும் இல்லை, அமிலமும் இல்லை. வெட்டி உள்ளே நிறம் காட்டும் இண்டிகேட்டர் ஒரு சொட்டு விட்டால் நூலின் நடுவில் நீலம் தெரியும். கழுவியாகிவிட்டது என்று சாயத்துக்கு அனுப்பினால் துணி திட்டுத் திட்டாக வரும். கண்ணும் அப்படித்தான், மேலே கழுவியது போதாது, உள்ளே இறங்கியது வெளியே வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை நெரிசல் ரோட்டில் வேனுக்குள் செலவழிப்பதா, ஓடுகிற தண்ணீருக்கு அடியிலா? வேனில் ஸ்பீடு பிரேக்கருக்கு ஸ்பீடு பிரேக்கர் இமை நழுவுகிறது. பாட்டிலில் வரும் தண்ணீர் ஹோஸில் வருவதில் கால்வாசிகூட இல்லை. நான் செய்தது சரிதான்.

சரிதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் எத்தனை நிமிடம் என்று கேட்டால்? எங்கள் சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் 15 நிமிடம் என்று இருந்தது. வகுப்பில் சொல்லித்தந்தவர் 20 என்றார். காரமாக இருந்தால் 30 நிமிடம், அதற்கு மேலும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆஸ்பத்திரியில் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடத் தாளைத்தான் பார்க்கிறார்கள், 7க்குப் பக்கத்தில் வந்து அங்கேயே நிற்கிறதா என்று. ஒரு கேள்விக்கு இத்தனை பதில் இருக்கும்போது, அன்று அந்தப் பதிலை நான் மட்டும் முடிவு செய்தேன். அவன் கண், அவன் மச்சான், என் முடிவு.

ஆஸ்பத்திரியில் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? இமையை விரித்துப் பிடித்து, சலைன் பையை மாட்டி, கண்ணில் விட ஆரம்பித்தார்கள். ஒரு பை முடிந்ததும் அடுத்தது. நடுநடுவே தாளைத் தொட்டுப் பார்த்தார்கள். நாங்கள் குழாயடியில் செய்த அதே வேலை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அதையெல்லாம் பார்த்தேன். மச்சான் பார்க்கவில்லை. அவரை ஈ.எஸ்.ஐ. அட்டையோடு கவுன்டருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த நேரத்தில் வேறு யாராவது கவுன்டருக்குப் போயிருக்கக் கூடாதா என்று இப்போதும் தோன்றும்.

அன்று சாயங்காலம் கண் அவ்வளவாகச் சிவந்திருக்கவில்லை. மச்சான் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. டாக்டர் முகத்தில் வரவில்லை. மோசமான காரக் காயத்தில் கருவிழியைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்களே கருகிப்போகும். சிவக்க ரத்தம் இருக்காது. வெளுத்த கண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கருவிழி மங்கிவிட்டது. அந்தக் கண்ணில் இப்போது வெளிச்சம் தெரிகிறது, கையை ஆட்டினால் தெரிகிறது, அவ்வளவுதான். நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து துளியளவு திசு எடுத்து, இந்தக் கண்ணில் வைத்து வளர்க்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனைக்காரர்கள் 2012இல் அதை எளிமையாக்கி வெளியிட்டார்கள். அதற்குப் பையனுக்கு வாய்ப்பு இருக்கிறது என்கிறார்கள். நல்ல கண்ணில் கை வைக்க அவன் பயப்படுகிறான்.

"நல்லாக் கழுவிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று வேறொருவர் மச்சானிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இரண்டாவது வாக்கியத்தை அவர்கள் எல்லோரிடமும் சொல்வார்கள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அப்படியானால் முதல் வாக்கியமும் எல்லோரிடமும் சொல்வதுதானோ?

இதையெல்லாம் யோசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. சரியான முதலுதவி பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் செய்யாமல் நிற்பது போலத்தான் இருக்கும். ஸ்டீம் பட்ட கையைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், வேறெதுவும் பூசக் கூடாது. வெட்டுப்பட்ட இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும், நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. வலிப்பு வந்தவரைச் சுற்றியுள்ள சாமான்களை நகர்த்திவிட்டு, துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும், காயத்தில் காப்பித்தூளை அப்புவதும், கொப்புளத்தில் பேஸ்ட் தடவுவதும்தான் ஏதோ செய்வதுபோலத் தெரிகின்றன. சொந்தக்காரருக்கு ஏதோ நடக்க வேண்டும். வண்டி நகர்வதைவிடப் பெரிய நடப்பு எது? அந்த மச்சானின் இடத்தில் நின்று பார்த்தால், ஒரு பெண் அவருடைய பையனைத் தண்ணீருக்கு அடியில் அமுக்கிக்கொண்டு வண்டியைக் காக்க வைக்கிறாள்.

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் தலையை அந்தக் குழாயடியில் வைத்துப் பார்க்கிறேன். சில நாள் என் கை அசையாமல் இமையைப் பிடித்திருக்கிறது. சில நாள் மச்சானை முந்திக்கொண்டு நானே அவனை வேனில் ஏற்றுகிறேன். அன்று சொன்ன பதில் பொய்யில்லை. ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு வராதவள் சொன்ன பதில் அது.

அந்தத் தாளையாவது மச்சானிடம் காட்டியிருக்கலாமோ என்று அடிக்கடி நினைப்பேன். அவரும் பட்டறைக்காரர். நீலம் என்றால் காஸ்டிக் இன்னும் இருக்கிறது என்று அரை வாக்கியத்தில் புரிந்திருக்கும். ஆனால் ஒரு கையில் ஹோஸ், ஒரு கையில் இமை. மூன்றாவது கை எங்கே இருந்தது? விபத்து அறிக்கையில் முதலுதவி என்ன தரப்பட்டது என்று எழுத ஒரு வரி இடம் இருந்தது. "தண்ணீரால் கழுவப்பட்டது" என்று எழுதினேன். நீலத் தாளைப் பற்றியோ வண்டி காத்திருந்ததைப் பற்றியோ எழுத அதில் இடம் இல்லை.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 150 பேருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது, பயிற்சி பெற்ற ஒருவர் பொறுப்பில் அது எப்போதும் கைக்கு எட்ட வேண்டும் என்றது. எங்களிடம் பெட்டி இருந்தது, நிறைந்தும் இருந்தது. அன்று அதை யாரும் திறக்கவில்லை. அன்று தேவைப்பட்ட தண்ணீரும், நேரமும், எதிரே நிற்கும் சொந்தக்காரரிடம் பேச ஒரு ஆளும் எந்தப் பெட்டியிலும் வருவதில்லை. கார்மென்ட்ஸ் பக்கம் ஊசி உடைந்து விரலில் ஏறினால், உடைந்த துண்டுகளையெல்லாம் தேடிப் பிடித்து ரிஜிஸ்டரில் ஒட்டிவைக்க அவ்வளவு தெளிவான முறை இருக்கிறது. விரலுக்குரியவருடைய வீட்டாரிடம் யார் என்ன சொல்வது என்பதற்கு எந்த முறையும் இல்லை.

இப்போது நான் எடுக்கும் வகுப்புகளில் மூன்று பேர் வேண்டும் என்கிறேன். ஒருவர் தண்ணீர், ஒருவர் தலை, மூன்றாமவர் பேசுவதற்கு மட்டும். பேசுகிறவர் தாளைக் காட்ட வேண்டும், எதற்காகக் கழுவுகிறோம் என்று சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியிலும் இதையேதான் செய்வார்கள் என்று சொல்ல வேண்டும்.

போன வகுப்பில் லோடிங் ஆள் ஒருவர் கேட்டார்: "வண்டி வந்திருச்சு, சொந்தக்காரங்களும் வந்துட்டாங்க. யாரு பேச்சைக் கேக்கறதுங்க?" தாள் சொல்வதைக் கேளுங்கள் என்றேன். தாள் இல்லை என்றால் என்றார். நிமிடக் கணக்கைச் சொல்ல வாய் திறந்தேன். ஆனால் வந்தது வேறு: "விடாம கழுவுங்க. வண்டி வந்துட்டா ஏத்திட்டு, வண்டியிலயும் விடாம கழுவிட்டே போங்க." அன்று நான் செய்தது இது இல்லை. அவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, அன்று செய்ததையும் சரி என்றே நம்புகிறேன். இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை.

கண் கழுவும் குழாயைக் காஸ்டிக் ட்ரம்முக்குப் பக்கத்தில் மாற்றியாகிவிட்டது. வேனில் குழாய் பொருத்திய 20 லிட்டர் கேன் ஒன்று இருக்கிறது. அதில் தண்ணீரை வாராவாரம் மாற்ற ஆள் போட்டிருக்கிறோம். மாற்றினாரா என்று திங்கட்கிழமைகளில் நானே போய்த் திறந்து பார்க்கிறேன்.