பாடாக் கன்டெய்னரும் காலியாக வந்த 14-ஆம் கட்டமும்

ஒருவழியாகச் சரக்கு மாதவரம் கிடங்கில் இறங்கிவிட்டது. கேமரூனிலிருந்து பாடாக் என்ற சிவப்பு மரத்தை அறுத்த சைஸாக எடுக்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆப்பிரிக்க பாடாக், பாச்சிலோபா, ஆப்பிரிக்க மகாகனி மூன்றும் 2023 பிப்ரவரி 23 முதல் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன; அதாவது ஏற்றுமதி பர்மிட் வேண்டும். உருட்டு, அறுத்த மரம், வெனீர், பிளைவுட் எல்லாம் இதில் அடக்கம். "முன்னெல்லாம் பர்மிட் இல்லாமத்தானே வந்துச்சு" என்பவர்கள் சென்னை சூளை மரக்கடைகளில் இன்னும் உண்டு. காதில் வாங்காதீர்கள்.

தாவர நோய்த்தடுப்புச் சான்றில் பூச்சி கொல்லும் புகையான மீத்தைல் புரோமைடு கன மீட்டருக்கு 48 கிராம், 24 மணி நேரம் என்று தெளிவாக இருந்தது. அது பேச்சில்லாமல் முடிந்தது.

மாட்டியது பர்மிட்டின் 14-ஆம் கட்டத்தில். ஏற்றும் துறைமுகத்தில் சரக்கைப் பார்த்த அதிகாரி, உண்மையில் ஏறிய அளவை எழுதி முத்திரை போட வேண்டிய இடம் அது. எங்களுக்கு வந்ததில் வெள்ளையாக இருந்தது. ஸ்கேனைப் பார்த்ததுமே கேட்டோம். "வரட்டும் சார், இங்க பாத்துக்கலாம்" என்றார் கிளியரிங் ஏஜென்ட். வந்ததும் பார்த்தது டெமரேஜ் (சரக்கு தேங்கியதற்கான கட்டணம்) பில்லைத்தான்.

அதிகாரிகள் நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது. அந்த இடம் காலியாக இருந்தால் அதே பர்மிட்டைக் காட்டி இன்னொரு லோடும் அனுப்பலாமே. சப்ளையர் லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்த விளக்கத்தை யாரும் சீந்தவில்லை. பர்மிட் கொடுத்த நாட்டின் சைட்டிஸ் அலுவலகம் இங்குள்ள அதிகாரிகளுக்கு நேரடியாக மெயில் அனுப்பி உறுதி சொன்ன பிறகுதான் ஃபைல் நகர்ந்தது. இதற்கிடையில் பர்மிட்டின் ஆறு மாத ஆயுள் கரைந்துகொண்டிருக்கும். தேதியில் ஒரு கண் இருக்கட்டும்.

அடுத்த இழுபறி அளவு. பர்மிட்டில் கன மீட்டர், பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் சரக்குச் சீட்டு) கிலோ, நம் வாயில் கன அடி. காய்ந்த பாடாக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 750 கிலோ. 24,000 கிலோவை அதால் வகுத்தால் 32 கன மீட்டர் வரும். ஈரம் காயாத மரம் எடை கூடுதல் என்பதால் உண்மையான கனஅளவு அதைவிடக் குறைவுதான், ஆனால் காகிதத்தில் பர்மிட்டைத் தாண்டி ஏற்றியதுபோல் தெரியும். இங்கே காப்பாற்றியது பேக்கிங் லிஸ்ட். கட்டு எண், தடிமன், அகலம், நீளம், பீஸ் எண்ணிக்கை என்று கட்டுவாரியாக இருந்ததால் சில கட்டுகளை மட்டும் டேப் வைத்து அளந்து விட்டுவிட்டார்கள். கன்டெய்னர் முழுவதையும் இறக்கியிருந்தால் கூலியே தனிக் கணக்கு.

பெயரிலும் கவனம். வெறும் பாடாக் என்றால் அந்தமான் மரமா, பர்மா மரமா, ஆப்பிரிக்க மரமா என்று தெரியாது. இன்வாய்ஸ் முதல் நோய்த்தடுப்புச் சான்று வரை எல்லாவற்றிலும் டெரோகார்பஸ் சோயாக்ஸி என்றே, எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். செம்மரமும் டெரோகார்பஸ் பேரினம்தான். சென்னையில் சிவப்பு மரம் என்றாலே புருவம் உயரும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

14-ஆம் கட்டம் நிரம்பிய ஸ்கேன் கைக்கு வந்த பிறகே மீதிப் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பர்மிட் கப்பலுக்கு முன்னால் கூரியரில் வந்து சேர வேண்டும்.