எஸ்ஏடியை மறுபடி எழுதும் முன்: டர்பன் மெட்ரிக் மாணவர்களுக்கு

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நினைக்கும் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு வரும் முதல் கவலை இது: எஸ்ஏடி என்ற சேர்க்கைத் தேர்வில் ஒருமுறை மார்க் குறைந்துபோனால் அது கடைசிவரை கூடவே வருமா? பெரும்பாலான கல்லூரிகளில் வராது.

கணக்கைப் பாருங்கள். மொத்தம் 1600, வாசிப்பும் எழுத்தும் 800, கணிதம் 800. ஒரு மாணவி ஆகஸ்டில் 620, 750 எடுக்கிறாள், கூட்டினால் 1370. டிசம்பரில் 690, 720, அதாவது 1410. எம்ஐடி போல ஒவ்வொரு பகுதியிலும் உயர்ந்ததை எடுத்துக்கொள்ளும் கல்லூரிக்கு அவள் மார்க் 690-உம் 750-உம் சேர்ந்த 1440. இதைத்தான் சூப்பர்ஸ்கோர் என்கிறார்கள். கணிதத்தில் 30 இறங்கியது அவளைப் பாதிக்கவே இல்லை. ஆகவே மறுதேர்வுக்கு இரண்டையும் சரிசமமாகப் படித்துக் களைத்துப் போகாமல், பின்தங்கிய பகுதிக்கே நேரத்தைக் கொடுங்கள்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம், எழுதிய எல்லாத் தேர்வின் மார்க்கையும் கேட்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே கிடையாது. ஏசிடி என்ற இன்னொரு சேர்க்கைத் தேர்வையும் எழுதியவர்கள் கவனிக்க: எம்ஐடி இரண்டு தேர்வையும் கலந்து கூட்டாது. 2020-க்குப் பிறகு இந்த விதிகள் பல கல்லூரிகளில் மாறிக்கொண்டே இருப்பதால், அண்ணன் அக்கா சொன்னதை நம்பாமல் இந்த ஆண்டு விதியைப் படியுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு எஸ்ஏடி கூடுதல் கனம் பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. மெட்ரிக் என்ற கிரேட் 12 இறுதித் தேர்வின் முடிவு வருவது ஜனவரியில். முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல கல்லூரிகளின் கெடு நவம்பர் 1. வழக்கமான கெடுவும் பல இடங்களில் ஜனவரித் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். அந்த நேரத்தில் பள்ளிக்கு வெளியே யாரோ திருத்திய மார்க் என்று காட்ட எஸ்ஏடியைத் தவிரப் பலரிடம் வேறில்லை. அதனால் முதல் தேர்வை கிரேட் 11 ஆகஸ்டில் எழுதுங்கள். ஜூலை விடுமுறை பயிற்சிக்குக் கிடைக்கும். இரண்டாவதை டிசம்பரில் எழுதலாம், பள்ளித் தேர்வெல்லாம் முடிந்திருக்கும். மூன்றாவது தேவைப்பட்டால் கிரேட் 12 மார்ச். அதற்குமேல் தள்ளினால் மெட்ரிக்குக்கு முந்தைய முன்னோட்டத் தேர்வான ட்ரையல்ஸும் மெட்ரிக்கும் கழுத்தை நெரிக்கும். உள்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பார்ப்பது மெட்ரிக் மார்க்கைத்தான் என்பதை மறக்கக்கூடாது.

நன்றாகக் கணிதம் போடும் பிள்ளைகள் மார்க்கை இழக்கும் இடம் ஒன்று உண்டு. நம் பள்ளிகளில் தசமத்துக்குக் காற்புள்ளி: 0,67. எஸ்ஏடியில் விடையைத் தாமே தட்டச்சு செய்யும் கேள்விகளில் காற்புள்ளி செல்லாது, புள்ளிதான். இரண்டு தசம இடத்தோடு நிறுத்தும் பள்ளிப் பழக்கமும் அங்கே உதவாது. விடை மூன்றில் இரண்டு என்றால் 2/3 என்றோ 0.667 என்றோ போடலாம், 0.67 போட்டால் தவறு. கணக்குச் சரியாக இருந்தும் மார்க் போகும், எதனால் போனது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பின்னமாகவே எழுதப் பழகுங்கள். தவறான விடைக்கு மார்க் பிடிப்பதில்லை, எதையும் காலியாக விடாதீர்கள். ஒவ்வொரு பகுதியிலும் முதல் பாதியை எப்படிச் செய்தீர்களோ அதைப் பொறுத்தே இரண்டாம் பாதியின் கடினம் அமையும். முதல் பாதி சறுக்கினால் எளிய கேள்விகள் வரும், உயர்ந்த மார்க் கைக்கெட்டாது. நிதானம் முதல் பாதியில்தான் தேவை.

பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக மார்க் அனுப்பலாம் என்று வரும். முதல் தேர்வில் அதைத் தொடாதீர்கள். மார்க்கை நீங்கள் பார்க்கும் முன்பே அது எங்கே போகவேண்டும் என்று முடிவுசெய்தாக வேண்டும், பிறகு எந்தத் தேதியின் மார்க்கை அனுப்புவது என்ற தேர்வு உங்கள் கையில் இருக்காது.

கடைசியாகப் பெயர். பிள்ளை, நாயுடு, கோவிந்தர் போன்ற குடும்பப் பெயர்களை வீட்டில் ஒருவிதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் எழுதுகிறோம். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே பதிவுசெய்து, ஒவ்வொரு முறையும் அதே கணக்கில் நுழையுங்கள். மறுமுறை புதுக் கணக்கு திறந்தால் மார்க்குகள் இரண்டு ஆட்களுடையவைபோலத் தனித்தனியே கிடக்கும். அதைச் சேர்க்கச் சொல்லிக் கெடு நெருங்கும் வாரத்தில் அலைய வேண்டிவரும்.