எனிக்மாவை முதலில் உடைத்தது ஒரு தேற்றம்

ஜெர்மன் ராணுவம் தன் ரகசியச் செய்திகளைச் சங்கேதமாக்கப் பயன்படுத்திய இயந்திரம் எனிக்மா. அதை உடைத்தவர் யார் என்றதும் எல்லோரும் பிரிட்டிஷ் கணிதர் ஆலன் டூரிங்கைத்தான் சொல்கிறார்கள். அவர்மேல் எனக்கும் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் டூரிங், பிரிட்டனின் சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் காலடி வைத்தது 1939 செப்டம்பரில். 1932 டிசம்பரிலேயே போலந்தின் வார்சாவில் 27 வயது கணிதர் மரியன் ரெயேவ்ஸ்கி, ஜெர்மன் ராணுவ எனிக்மாவின் சக்கரங்களுக்குள் கம்பிகள் எப்படி ஓடுகின்றன என்பதைக் கணக்குப் போட்டே கண்டறிந்துவிட்டார். கல்லூரியில் இயற்கணிதம் நடத்துகிற எனக்கு அவர்தான் நாயகன்.

ஜெர்மானியர்கள் ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்கள் எந்த நிலையில் தொடங்க வேண்டும் என்பதற்கு மூன்று எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, வானொலியில் பிசகிவிடக் கூடாது என்று அவற்றைச் செய்தியின் தொடக்கத்தில் எனிக்மாவிலேயே இருமுறை தட்டினார்கள். அந்த மூன்று எழுத்துகளைத் தட்டும்போது சக்கரங்கள் இருக்கும் நிலை, ஒரு நாளின் செய்திகள் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆக, சங்கேதத்தின் முதல் எழுத்தும் நான்காம் எழுத்தும் ஒரே மூல எழுத்திலிருந்து பிறந்தவை. ரெயேவ்ஸ்கி பிடித்துக்கொண்டது இதைத்தான்.

ஒரு செய்தியில் முதல் எழுத்து டி, நான்காவது வி. இன்னொன்றில் வி, பி. வேறொன்றில் பி, எஃப். டி, வி, பி, எஃப் என்று கோத்துக்கொண்டே போனால் சங்கிலி மறுபடியும் டியில் வந்து சேரும். இப்படி 26 எழுத்துகளும் சில வட்டங்களாகப் பிரிந்துவிடும். ஒரே நீளமுள்ள வட்டங்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகவே வரும். வரிசைமாற்றங்களின் கணிதம் அப்படி.

இனிதான் அழகு. எனிக்மாவின் முன்பலகையில் ஆறு கம்பிகளைச் செருகி எழுத்துகளை இடம் மாற்றலாம். அதற்கு மட்டும் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட வழிகள்! ஆனால் அந்தப் பலகை வட்டத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்பதை மாற்றுமே தவிர, வட்டத்தின் நீளத்தைத் தொட முடியாது. தலைப்பில் சொன்ன தேற்றம் இதுதான். பத்தாயிரம் கோடியும் ஒரே வரியில் அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது சக்கரங்களின் 1,05,456 நிலைகள். போலந்துக்காரர்கள் பின்னர் அத்தனைக்கும் வட்ட நீளங்களை அட்டைகளில் குறித்து வைத்தார்கள்; ஓராண்டுக்கு மேல் பிடித்த வேலை.

சக்கரங்களின் கம்பிகளைக் கண்டறிய, பிரெஞ்சு உளவுத்துறை தந்த ஜெர்மன் ஆவணங்களும் உதவின. விசைப்பலகையிலிருந்து முதல் சக்கரத்துக்குச் செல்லும் கம்பிகள் வெறும் அகரவரிசையில்தான் இருக்கும் என்று ஊகித்தது ரெயேவ்ஸ்கியே. பிரிட்டனின் சங்கேத நிபுணர் டில்லி நாக்ஸ் முட்டி நின்ற இடம் அது.

1939 ஜூலையில் போலந்துக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள். 1943இல் ரெயேவ்ஸ்கி தன் தோழர் சிகால்ஸ்கியுடன் பிரிட்டன் போய்ச் சேர்ந்தபோதோ, அவர்களை பிளெட்ச்லி பார்க் பக்கமே விடவில்லை. வேறு சில்லறைச் சங்கேதங்களைக் கொடுத்து உட்கார வைத்தார்கள். எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.