வாரை இறுக்கினால் கடிக்க வருகிறாள்

ஜனவரி 4

இன்றும் என் குதிரை வேணி கடிக்க வந்தாள். சேணத்தின் வாரில் கை வைத்ததுமே காதை மடக்கிப் பல்லைக் காட்டினாள். தானியத்தில் பாதியை அப்படியே விட்டுவிட்டாள். காய்ந்த புல்லை மட்டும் தின்கிறாள். ரோமத்தின் பளபளப்பு போய் ஒரு மாதம் இருக்கும். முரண்டு பிடிக்கிறாள் என்று அதட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 7

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "ராத்திரி எத்தனை மணி நேரம் புல் இல்லாமல் நிற்கிறாள்?"

மாலை 7 மணிக்குப் போடுவது 9 மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். அடுத்தது காலை 6 மணிக்கு. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாக அமிலம் ஊறிக்கொண்டே இருக்குமாம். அதைத் தணிப்பது எச்சில். அந்த எச்சிலோ மெல்லும்போதுதான் சுரக்கும். இரைப்பையின் கீழ்ப்பகுதிக்குச் சளிப் படலம் காப்பாக இருக்கிறது. மேலே மூன்றில் ஒரு பங்குக்கு அதுவும் கிடையாது. ஓடும்போது வயிறு இறுகி, அமிலம் மேலே ஏறி அந்த இடத்தைச் சுடும். நானோ தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றோடுதான் அவளை ஓட்டினேன்.

ஜனவரி 10

எண்டோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயால் இரைப்பைக்குள் பார்க்கும் சோதனை. 16 மணி நேரம் பட்டினி. கீழே கிடக்கும் வைக்கோலைத் தின்றுவிடாமல் வாய்க்கூடை. நேற்றிரவு அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. லேசான மயக்க ஊசி போட்டு, நின்றபடியே மூக்கு வழியாக 3 மீட்டர் குழாயை விட்டார்கள். மேல்பகுதியில் புண்கள், தீவிரத்தில் 4 நிலைகளில் 3. கீழே குடலுக்குத் திறக்கும் வாயருகிலும் திட்டுத்திட்டாகச் சிவப்பு.

மனிதர்களுக்கு வருவதைப் போல இதற்கும் கிருமி காரணமா என்று கேட்டேன். குதிரைகளில் அப்படி நிரூபணமாகவில்லை என்றார்.

ஜனவரி 11

அமிலம் சுரப்பதைக் குறைக்கும் ஒமெப்ரசோல் பேஸ்ட் தொடங்கியாயிற்று. கிலோவுக்கு 4 மில்லிகிராம். 450 கிலோ வேணிக்கு 1,800. காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி நேரமாவது கழித்துத் தீனி. 28 நாள். நமக்கான மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கலாமே என்றேன். கூடாது, காப்புப் பூச்சு போய்விட்டால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும் என்றார். அப்புறம் அவரைக் கேட்காமல் வலி மருந்து எதுவும் தரக்கூடாது. அவற்றில் பல இந்தப் புண்ணை இன்னும் மோசமாக்கும்.

ஜனவரி 19

மருந்தைவிட முக்கியமானது தீனி என்று இப்போது நினைக்கிறேன். ஒரு நாளைக்கு 9 கிலோ உலர்புல். எடையில் 2 சதவீதம். சிறு கண் வலையில் கட்டித் தொங்கவிடுவதால் இரவு முழுக்க இழுத்து இழுத்து மெல்கிறாள். தானியத்தைப் பாதியாகக் குறைத்து, குதிரைமசால் என்ற தீவனப் பயிரைச் சேர்த்தேன். அதிலுள்ள கால்சியம் அமிலத்தைத் தணிக்கும். இப்போதைக்கு நடை மட்டும்தான். அதற்கு முன்னும் ஒரு கை புல்.

நள்ளிரவில் லாயத்துக்குப் போனால் மெல்லும் சத்தம் கேட்கிறது. அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறேன்.

பிப்ரவரி 8

மறுபடியும் எண்டோஸ்கோப்பி. மேலே எல்லாம் ஆறிவிட்டது! கீழ்ப்பகுதியில் சிவப்பு இன்னும் இருக்கிறது. அந்த இடம் ஆற நாளாகும், காரணமும் வேறு என்கிறார். ஒமெப்ரசோலோடு, புண்ணின் மேல் படலமாகப் படியும் சுக்ரால்ஃபேட் மருந்தும் சேர்த்து இன்னும் 4 வாரம். அப்புறமும் சட்டென நிறுத்தாமல் அளவைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும்.

மாலையில் சேணத்தை வைத்து வாரை ஒரு துளை இறுக்கினேன். காது அசையவில்லை. இரண்டாவது துளைக்கு வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். அதோடு நிறுத்திக் கழற்றிவிட்டேன்.