புருவத்துக் காயம்: தைப்பதா, விடுவதா?

குழந்தையின் முகத்தில் வெட்டுப்பட்டு ரத்தம் வழியும்போது, பெரும்பாலான வீடுகளில் இரண்டே நிமிடத்தில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. ஒன்று, காப்பித்தூளை வைத்து அமுக்கித் துணியால் கட்டிவிடுவார்கள். அல்லது செருப்பைக்கூட மாட்டாமல் ஆட்டோ பிடித்து ஓடுவார்கள். எந்தப் பக்கம் சாய்வது என்பதை ரத்தத்தின் அளவே தீர்மானிக்கிறது. முகத்துக் காயத்தில் ரத்தத்தைப் போல ஏமாற்றக்கூடிய அளவுகோல் வேறில்லை. நெற்றியிலும் உதட்டிலும் உச்சந்தலையிலும் ரத்தக்குழாய்கள் மிக நெருக்கமாக ஓடுவதால், சிறு வெட்டுகூடச் சட்டையை நனைத்துவிடும். அதே ரத்த ஓட்டத்தால்தான் முகத்துக் காயம் கைகால் காயங்களைவிட விரைவாக ஆறுகிறது. சீழ் பிடிப்பதும் குறைவு. தையல் வேண்டுமா என்ற கேள்விக்கு, ரத்தம் நின்று காயத்தைக் கழுவிய பிறகுதான் விடை கண்ணுக்குத் தெரியும்.

சில மாதங்களுக்கு முன் கொருக்குப்பேட்டையில் என் அக்கா வீட்டில் நடந்ததை வைத்தே இதை எழுதுகிறேன். வடசென்னையின் பழைய வீடுகளில் இன்னமும் அடிபம்பு உண்டு. பெரியவர்கள் அடிப்பதைப் பார்த்துவிட்டு ஐந்து வயதுப் பையன் தானும் அடிக்கப் போனான். பாதி அழுத்திய கைப்பிடி நழுவி மேலே எகிறி, அவனுடைய இடது புருவத்தின் குறுக்கே அடித்துவிட்டது. நான் மாடியிலிருந்து இறங்குவதற்குள் காப்பித்தூள் டப்பா திறந்திருந்தது.

"இத வெச்சா உடனே நின்னுடும்பா. எங்க காலத்துல எதுக்கெல்லாம் தையல் போட்டோம்?" என்றார் அக்காவின் மாமியார்.

"கொஞ்சம் இருங்கத்தை, அழுத்திப் பிடிச்சாலே நின்னுடும்," என்றாள் அக்கா.

எதிர்வீட்டு அம்மா மூன்றாவது கட்சி. முகம் என்பதால் பிளாஸ்டிக் சர்ஜனைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்பது அவருடைய வாதம். மூன்று பேருக்கும் பிள்ளைமீது அக்கறைதான், ஆனால் காயத்தை அதுவரை ஒருவரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை.

அக்கா சொன்னதே முதலில் செய்ய வேண்டியது. துவைத்த பருத்தித் துணியையோ காஸ் துணியையோ காயத்தின்மேல் வைத்து, பிள்ளையை உட்காரவைத்தபடி, கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு வந்துவிடுகிறது. துணி நனைந்தால் அதன்மேல் இன்னொன்றை வைக்க வேண்டும், முதல் துணியை உரிக்கக் கூடாது. இப்படி இரண்டு முறை விடாமல் அழுத்திய பிறகும் நிற்காத ரத்தமும், பீய்ச்சி அடிக்கும் ரத்தமும் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல.

காப்பித்தூள் வைத்தால் ரத்தம் நிற்பது உண்மைதான். ஆனால் அங்கே நிறுத்துவது பெரும்பாலும் தூளோடு சேர்ந்து அழுத்தும் விரல்தான். தூள் காயத்துக்குள் புகுந்தால் ஆழம் தெரியாமல் மறைந்துவிடும், மருத்துவர் அதைத் தேய்த்துக் கழுவி எடுக்கும்போது பிள்ளைக்கு இரட்டை வலி, உள்ளே தங்கிய துகள் தோலுக்கடியில் கரும்புள்ளியாக நின்றுவிடவும் கூடும். மஞ்சள்தூள், பவுடர், சாம்பல், பற்பசை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். டெட்டாலையும் ஸ்பிரிட்டையும் திறந்த காயத்தில் ஊற்றுவதும் வேண்டாம். அவை கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர வேண்டிய திசுவையும் எரிக்கும். குடிக்கத் தகுந்த தண்ணீரைச் சில நிமிடங்கள் காயத்தின்மேல் ஓடவிட்டாலே போதும். நல்ல குழாய்த்தண்ணீர், மருத்துவமனை உப்புநீருக்குக் குறைந்ததல்ல. எங்கள் பக்கத்தில் அடிபம்புத் தண்ணீர் சில நாள் மஞ்சளாக வருவதால் கேன் தண்ணீரை எடுத்தோம்.

கழுவிய பிறகு நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டியது, காயத்தின் வாய் பிளந்திருக்கிறதா என்பதைத்தான். இரண்டு ஓரங்களும் தாமாகவே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தால் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. ஓரங்கள் விலகி நடுவில் சிவந்த பள்ளமோ, வெளிர்மஞ்சள் நிறத்தில் சிறு மணிகளாகக் கொழுப்போ தெரிந்தால், வெட்டு தோலின் முழுக் கனத்தையும் தாண்டிவிட்டது என்று பொருள். பிள்ளை அசையாமல் இருக்கும்போது மட்டும் பார்த்து முடிவு செய்வதும் சரியல்ல. முகம் ஓயாமல் அசையும் உறுப்பு. புருவத்தைத் தூக்கச் சொல்லியும் சிரிக்கச் சொல்லியும் பார்த்தால், அமைதியாக மூடியிருந்த காயம் சட்டென்று வாய் திறப்பது தெரியும். நீளத்தைப் பொறுத்தவரை, முகத்தில் கால் அங்குலத்துக்கு மேல் நீண்டு பிளந்திருக்கும் வெட்டை மருத்துவரிடம் காட்டுவது பொதுவான வழக்கம். ஆனால் நீளத்தைவிடத் திசை முக்கியம் என்று எனக்குப் படுகிறது. நெற்றியில் இயல்பாக விழும் சுருக்கங்கள் கிடையாக ஓடுகின்றன. அவற்றின் போக்கிலேயே விழுந்த வெட்டு ஓரளவு தானாகவே மூடிக்கொள்ளும், அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு செங்குத்தாக விழுந்ததைத் தோலின் இழுவிசை இருபுறமும் இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்குழந்தைக்கு நெற்றியில் கிடையாக விழுந்த, இதைவிட நீளமான வெட்டு வெறும் ஒட்டுப்பட்டையால் கோடு தெரியாமல் ஆறிவிட்டது. எங்கள் பையனுக்கு வெட்டு சிறியது, ஆனால் செங்குத்தானது, புருவ முடியின் ஊடாகவே போயிருந்தது.

முகத்தில் எங்கே பட்டது என்பது இன்னொரு பெரிய விஷயம். சில இடங்களில் வெட்டு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. உதட்டின் சிவப்பும் தோலும் சந்திக்கும் அந்தக் கோடு அப்படிப்பட்டது. அது ஒரு மில்லிமீட்டர் விலகி ஆறினாலும், பேசும் தூரத்தில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியும். கண் இமையின் ஓரமும், மூக்கை ஒட்டிய கண்ணின் உள்முனையும் அடுத்தவை. உள்முனையில்தான் கண்ணீரை மூக்குக்குக் கொண்டுபோகும் நுண்குழாய் இருக்கிறது, அது அறுந்தால் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். காதுமடலில் குருத்தெலும்பு தெரிந்தாலும், மூக்கில் அடிபட்டு உள்ளே நடுச்சுவர் இருபுறமும் வீங்கினாலும் அன்றே காட்ட வேண்டும். கன்னத்து வெட்டு ஆழமாக இருந்து, பிள்ளை சிரிக்கும்போது வாய் ஒரு பக்கம் கோணினால் நரம்பு பட்டிருக்கலாம். வாய்க்குள் பல் பட்டு ஏற்படும் சிறு கிழிசல்கள் இதற்கு நேர்மாறு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் இருப்பவை பெரும்பாலும் தையலின்றி ஆறிவிடும், ஆனால் உதட்டின் உள்ளும் புறமும் ஒரே வெட்டாகத் துளைத்திருந்தால் கதை வேறு. மோவாய் அடிபட விழுந்த பிள்ளைக்குத் தோலை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது. காதுக்கு முன்னால் வலித்தாலோ, பல்வரிசை முன்போல் பொருந்தவில்லை என்றாலோ தாடை எலும்பில் விரிசல் இருக்கக்கூடும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாகத் தலையைப் பற்றிய கேள்வி ஒன்று உண்டு. அடிபட்டவுடன் நினைவு தப்பியதா, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கிறானா, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிகிறானா, வலிப்பு வந்ததா என்பதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தையலைப் பற்றிய விவாதத்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். எங்கள் பையன் அழுது முடித்ததும் பம்பைத் திட்டிக்கொண்டிருந்ததால் அந்தக் கவலை நீங்கியது.

தைக்க வேண்டும் என்றாலும் தலைதெறிக்க ஓட வேண்டியதில்லை. ஆறு மணி நேரத்துக்குள் போட்டால்தான் தையல் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முகத்துக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால், சுத்தமான வெட்டைச் சுமார் 24 மணி நேரம் வரைகூடத் தைக்கிறார்கள். சீக்கிரம் போவது நல்லது என்பது வேறு, அரை மணி தாமதித்தால் எல்லாம் போயிற்று என்பது வேறு. ஆகவே எண்ணூர் விரைவுச் சாலையின் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பிள்ளையை பைக்கின் முன்னால் உட்காரவைத்துப் பறக்கத் தேவையில்லை. இந்த இடைவேளையில் சமாதானத்துக்காக ஹார்லிக்ஸும் பிஸ்கட்டும் கொடுக்காமல் இருப்பது மட்டும் முக்கியம். மிகச் சிறு பிள்ளைகளுக்குச் சில சமயம் மயக்க மருந்து தேவைப்படலாம், அப்போது வயிறு நிறைந்திருந்தால் காத்திருக்க நேரிடும்.

எங்கே போவது என்பதில் எதிர்வீட்டு அம்மாவின் யோசனை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். இமையின் ஓரம், உதட்டுக் கோடு, சதை பிய்ந்து போன காயம், நரம்பு பட்ட சந்தேகம் ஆகியவற்றுக்குப் பிளாஸ்டிக் சர்ஜன்தான் வேண்டும். அதற்கு நாங்கள் நகரின் மறுகோடிக்கு ஓட வேண்டியதும் இல்லை. பழைய ஜெயில் சாலையில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது, கை அறுவை சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் அந்த மருத்துவமனை நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. நேரான, சுத்தமான, சிறிய வெட்டு என்றால் தையலில் பழகிய எந்த மருத்துவரும் போதும். நாங்கள் போனது தெருமுனை கிளினிக்குக்கு.

மருத்துவர் புருவத்தின் இருபுறமும் விரலை வைத்து லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு, பசையா தையலா என்று யோசித்தார். வலியில்லாமல் முடியும் என்பதால் எங்களுக்குப் பசைமேல் ஆசை இருந்தது. மருத்துவப் பசையால் மூடிய நேரான சிறு வெட்டின் தழும்பு, தைத்ததன் தழும்பைவிட மோசமாக இருப்பதில்லை. பசை ஐந்து முதல் பத்து நாளில் தானே உதிர்ந்துவிடும், அதுவரை அதன்மேல் எண்ணெயோ களிம்போ படக் கூடாது, பட்டால் இளகிப் பிரிந்துவிடும். கடையில் விற்கும் ஃபெவிக்விக்கும் அதே குடும்பம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அது காயத்தில் சூடேறித் திசுவைப் புண்ணாக்கும், கண்ணருகே என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் பையனுக்கோ வெட்டு செங்குத்தாக, புருவம் தூக்கும்போதெல்லாம் பிளந்துகொண்டு, கண்ணுக்கு மேலேயே இருந்தது. பசை கண்ணில் வழியக்கூடும், இழுவிசையையும் தாங்காது என்று சொல்லித் தையலுக்கே முடிவு செய்தார்.

புருவத்தை மழிக்க வேண்டுமா என்று அக்கா கேட்டதற்கு, "மழிக்கவே கூடாதும்மா, முடியோட வரிசைய வெச்சுத்தான் ரெண்டு ஓரத்தையும் சரியா சேக்க முடியும்," என்றார். பையனைப் போர்வையில் கை அசையாதபடி சுற்றி, மரத்துப்போகும் ஊசியை மெதுவாகப் போட்டார். அழுகை அதற்கு மட்டும்தான். மெல்லிய நைலான் நூலில் தைத்தபோது அக்காவின் செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு டெட்டனஸ் எனும் தசைவிறைப்பு நோய்க்கான டி.டி. ஊசிப் பேச்சு வந்தது. "துருப்பிடிச்ச இரும்பாச்சே டாக்டர்," என்றார் மாமியார். மருத்துவர் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடும் பென்டாவேலன்ட்டிலும், ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் போடும் டி.பி.டி.யிலும் தசைவிறைப்பு நோய்க்கான தடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஐந்து வயது ஊசி வரை ஒழுங்காகப் போட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு கீறலுக்கும் தனியாக ஊசி வேண்டியதில்லை. இரும்புத் துரு தானாக அந்த நோயைக் கொண்டுவருவதும் இல்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி அழுக்கான காயத்துக்குள் போவதால் வருவது அது. தெருநாய் கடித்த முகத்துக் காயத்துக்கு மட்டும் கணக்கு முற்றிலும் வேறு. அதைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்த் தடுப்பூசியும் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் எனும் எதிர்ப்புப்புரத ஊசியும் கிடைக்கும் அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். தைத்து மூடும் பேச்சே அதற்குப் பிறகுதான்.

முகத்துத் தையலை நான்கைந்து நாளில் பிரித்துவிடுவார்கள். அதற்கு மேல் விட்டால் நூல் போன இடங்களில் ரயில் தண்டவாளம் போலத் தழும்பு விழும். எங்களை ஐந்தாம் நாள் வரச் சொன்னார். அதற்குள் சிவப்பு பரவினாலோ, வீக்கமும் வலியும் கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ காத்திருக்காமல் வரச் சொன்னார். பிரித்த அன்று தழும்பு இளஞ்சிவப்பாகத் தடித்திருந்ததைப் பார்த்து மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. தழும்பு முதிர்ந்து அடங்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம்கூட ஆகும் என்றும், நம் நிறத்துக்கு வெயில் பட்டால் அது கறுத்துப் போகும் என்பதால் வெளியே விளையாடும்போது தொப்பியோ எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீனோ வேண்டும் என்றும் மருத்துவர் விளக்கினார். எதிர்வீட்டு அம்மா சொன்ன பிளாஸ்டிக் சர்ஜனைத் தழும்புக்காகப் பார்ப்பதானாலும் அந்த ஒரு வருடம் கழித்துத்தான், அப்போதும் உறுத்தலாகத் தெரிந்தால் மட்டும்.